டர்பனிலிருந்து குட்னோவுக்கு: சிறுவர் பேஸ்பால் அணியை மண்டலப் போட்டிக்கு அழைத்துச் செல்ல முழுமையான வழிகாட்டி

10 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் அணியை லிட்டில் லீக் என்ற சர்வதேசச் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் ஐரோப்பா–ஆப்பிரிக்கா மண்டலப் போட்டிக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போட்டி நடப்பது போலந்தின் நடுப்பகுதியில் உள்ள குட்னோ என்ற சிறு நகரத்தில், ஜூலை மாதத்தில். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் என்று எந்த ஊரிலாவது பள்ளி விட்டதும் பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிப் போகிற அப்பா, அம்மா, அங்கிள் யாராக இருந்தாலும் சரி, வேலை இதே வரிசையில்தான் நடக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இடறுகிறார்கள். பயிற்சியை உடனே தொடங்கிவிடுகிறார்கள், காகித வேலையை மே மாதத்துக்குத் தள்ளுகிறார்கள். மே மாதத்தில் ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து தவறாக இருப்பது தெரிய வரும். அதைத் திருத்தி, பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்க நாள் போதாது. பத்து மாதம் பயிற்சி எடுத்த பிள்ளை வீட்டில் தங்கிவிடுவான். அவனிடம் அதைச் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் காகிதத்தை இங்கே முன்னால் வைத்திருக்கிறேன். முந்தைய ஆண்டு அக்டோபரில் தொடங்கினால் எல்லாம் நிதானமாக முடியும்.

1. எந்தப் போட்டி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

வெளிநாட்டுப் போட்டிக்குப் போக இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. தென்னாப்பிரிக்க பேஸ்பால் யூனியன் நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தேசிய அணி அனுப்புவது ஒன்று. ஒரு வட்டார லீக், தன் எல்லைக்குள் வசிக்கும் அல்லது படிக்கும் பிள்ளைகளை மட்டும் வைத்து அணி அமைப்பது இன்னொன்று. லிட்டில் லீக் இந்த இரண்டாவது வகை. வயதுக் கணக்கும் மட்டை விதியும் ஒருவர் எறியக்கூடிய பந்து எண்ணிக்கையும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்காது. ஒன்றின் விதியைப் படித்துவிட்டு மற்றதற்கு அணி திரட்டினால், உழைப்பு முழுவதும் வீணாகும்.

லிட்டில் லீக் என்று முடிவானதும், உங்கள் லீக் அந்த ஆண்டுக்குப் பதிவாகியிருக்கிறதா, எல்லை வரைபடம் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு காகிதமும் அந்த வரைபடத்தோடு ஒப்பிடப்படும். விதிப்புத்தகம் ஆண்டுதோறும் சிறிது மாறுகிறது. ஆகவே நான் கீழே தரும் எண்களையும் அந்த ஆண்டின் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2. வயதைக் கணக்கிட்ட பிறகே பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள்

லிட்டில் லீக் பேஸ்பாலில் ஒரு பிள்ளையின் வயது, போட்டி நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 31 அன்று என்னவோ அதுதான். ஜூலையில் ஆடும்போது 12 வயதாக இருக்கும் பையனுக்கு ஆகஸ்ட் 30-ல் 13 முடிகிறது என்றால், அவனுக்கு இடமில்லை. செப்டம்பர் 1-ல் முடிகிறது என்றால் ஆடலாம். இரண்டு நாள் வித்தியாசம் ஒரு பிள்ளையின் ஆண்டையே மாற்றுகிறது.

நம் வீடுகளில் வயதை வகுப்பை வைத்துச் சொல்லும் பழக்கம் உண்டு: "அவன் கிரேடு ஏழு, சரியாக இருக்கும்." அப்படி ஏற்காதீர்கள். சான்றிதழைக் கையில் வாங்கி, தேதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு நடத்திய பிறகு வயதைப் பார்த்தால், தேர்வான பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

பட்டியலில் 14 பேர் வரை வைக்கலாம். ஒரு மேலாளர், இரண்டு பயிற்சியாளர்கள். நான் 13 பேரை விரும்புவேன். காய்ச்சலில் ஒருவர், வயிற்றுக் கோளாறில் ஒருவர் படுத்தாலும் அணி நிற்கும். எல்லோருக்கும் ஆட வாய்ப்பும் கிடைக்கும். பெண் பிள்ளைகளும் இதே அணியில் ஆடலாம். அதைப் பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

3. முகவரிச் சான்று: தாத்தா பெயரில் இருக்கும் பில்

இந்த இடத்தில் நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. லிட்டில் லீக் மூன்று வகை ஆவணங்களில் வகைக்கு ஒன்றாக மூன்று சான்று கேட்கிறது. அவை முந்தைய ஆண்டு பிப்ரவரி 1-க்கும் போட்டி ஆண்டின் பிப்ரவரி 1-க்கும் இடைப்பட்ட தேதியில் இருக்க வேண்டும். சான்று பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும்.

ஆனால் வீடு தாத்தா பெயரில் இருக்கும். தண்ணீர், மின்சார பில் பாட்டி பெயரில் வரும். மகனும் மருமகளும் பின்கட்டில் இருப்பார்கள். அவர்கள் பெயரில் ஒரு தாள்கூட அந்த முகவரிக்கு வராது. மூன்று தலைமுறை ஒரே வளவில் இருப்பது நமக்குச் சாதாரணம், கோப்பைச் சரிபார்ப்பவருக்கு அது புரியாது.

இதற்கு நேரான வழி பள்ளிச் சான்று. பிள்ளை படிக்கும் பள்ளி லீக் எல்லைக்குள் இருந்தால், லிட்டில் லீக்கின் பள்ளிப் படிவத்தில் பள்ளி நிர்வாகத்தின் கையொப்பம் வாங்கினால் போதும், வீட்டு பில் தேவையில்லை. டிசம்பர் விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஜனவரியில் பள்ளி அலுவலகம் புதுச் சேர்க்கையில் மூழ்கியிருக்கும். பள்ளி எல்லைக்கு வெளியே இருந்தால், அப்பா அம்மா பெயரில் வரும் வங்கிக் கடிதம், காப்பீட்டுக் கடிதம், வாகனப் பதிவு போன்றவற்றை அந்த முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள். இதை முந்தைய ஆண்டிலேயே செய்தால்தான் தேதி பொருந்தும்.

4. பெயர் எழுத்துகள், பாஸ்போர்ட், பெற்றோர் சம்மதம்

நம் பெயர்களைப் பதிவேட்டில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பிள்ளை என்ற பெயர் ஒருவருக்கு 'ஐ' எழுத்திலும் அவர் தம்பிக்கு 'ஒய்' எழுத்திலும் முடியும். முதலியார் வீட்டில் அண்ணன் மூட்லி, தம்பி முதலி. அப்பாவின் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிள்ளையின் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருந்தால், வீட்டில் யாருக்கும் அது குறையாகத் தெரியாது. எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு அது இரண்டு வெவ்வேறு குடும்பம்.

எனவே அக்டோபரில் ஒரு மாலை எல்லாப் பெற்றோரையும் கூப்பிடுங்கள். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, பிள்ளையின் பாஸ்போர்ட் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் உரக்க எழுத்துச் சொல்ல, மற்றவர் சரிபார்க்க. தனியாகப் பார்த்தால், கண் தனக்குத் தெரிந்த பெயரைத்தான் படிக்கும், தாளில் இருப்பதைப் படிக்காது. தவறு கண்டால் மறுநாளே ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) திருத்த விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை வாரமாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத ஒரே வேலை இதுதான்.

16 வயதுக்குட்பட்டவர்களின் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட் 5 ஆண்டு மட்டுமே செல்லும். ஏழு வயதில் இந்தியாவுக்குக் கோயில் பயணம் போனபோது எடுத்தது, 12 வயதில் காலாவதியாகியிருக்கும். "பாஸ்போர்ட் இருக்கு" என்று பெற்றோர் சொன்னால், முடியும் தேதியைக் கேளுங்கள். போலந்து உட்பட ஒரே விசாவில் நுழையக்கூடிய ஷெங்கன் நாடுகளிலிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பெற்றோர் இல்லாமல் நாட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கு அப்பா, அம்மா இருவரின் சம்மத அஃபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்), அவர்களின் அடையாள அட்டை நகல், தொடர்பு எண், முழுப் பிறப்புச் சான்றிதழ் நகல் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பிரமாணக் கையொப்பம் இலவசம். பெற்றோர் பிரிந்திருந்தால் நீதிமன்ற ஆணை, ஒருவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ். இவற்றைக் கேட்பது சங்கடம்தான். எல்லோர் முன்னாலும் கேட்காமல், அந்த அம்மாவைத் தனியாகப் பார்த்துப் பொறுமையாகப் பேசுங்கள். தொடர்பே இல்லாத அப்பாவின் கையொப்பத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளையின் கோப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனி உறை, எல்லா உறைக்கும் ஒரே அடுக்கு வரிசை. மூலப் பிரதி ஒரு பையில், நகல் இன்னொருவர் பையில். இரண்டும் ஒரே பெட்டியில் போனால் நகல் எடுத்ததற்கே பொருளில்லை.

5. விசா

தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்குப் போலந்து செல்ல ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். ஆகவே மார்ச் இறுதிக்குள் கொடுங்கள். போட்டி அமைப்பாளரின் அழைப்புக் கடிதம் வரக் காத்திருக்கும்போது படிவங்களை நிரப்பி வைத்துக்கொள்ளலாம்.

12 வயது முடிந்தவர்கள் கைரேகை கொடுக்க நேரில் வர வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ரேகை இல்லை. போலந்துத் தூதரகம் இருப்பது பிரிட்டோரியாவில். அங்கே நேரில் போகச் சொன்னால், டர்பனிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். 12 வயதுப் பிள்ளைகளை ஒரே வேனில் ஒரே நாளுக்குச் சேர்த்து அழைத்துப் போகும்படி நேரம் வாங்குங்கள். குடும்பம் குடும்பமாகப் போனால் செலவும் பள்ளி நாளும் வீண்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. அதற்கு மேல் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று: பல பயணக் காப்பீடுகள் போட்டி விளையாட்டில் பட்ட காயத்தை விலக்கி வைக்கின்றன. முகத்தில் பந்து பட்டால் அந்தத் தாள் உதவாது. விளையாட்டுப் போட்டி அடங்கும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

6. பணம்

விடுதி, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து இவற்றில் எது அமைப்பாளர் செலவு, எது உங்கள் செலவு என்று எழுத்தில் வாங்கிய பிறகு தொகை சொல்லுங்கள். யூரோ மதிப்பு ஏறும் என்று கணக்கில் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பாதியில் பெற்றோரிடம் மறுபடி கேட்பது நம்பிக்கையைக் குலைக்கும்.

பணம் திரட்ட நம் ஊருக்குத் தெரிந்த வழி பிரியாணி டிக்கெட். முன்கூட்டி டிக்கெட் விற்று, ஞாயிறு காலையில் பெரிய பாத்திரங்களில் சமைத்துக் கொடுப்பது. அதை நவம்பரிலும் பிப்ரவரியிலும் வையுங்கள். புரட்டாசி விரதத்தில் கோழி பிரியாணி டிக்கெட் விற்காது, தைப்பூசம் நெருங்கும்போது காவடி எடுக்கும் வீடுகளும் வாங்கா. நாட்காட்டி பார்த்து நாள் குறியுங்கள். கணக்கை வாரம் ஒருமுறை எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேட்கும் முன் காட்டப்பட்ட கணக்கில் சண்டை வராது.

7. குளிர்காலப் பயிற்சி

நம் பேஸ்பால் காலம் கோடை. குட்னோ போட்டி நமக்கு நடுக் குளிர்காலம், ஐரோப்பிய அணிகளுக்கோ சீசனின் உச்சம். அவர்கள் ஆடிக்கொண்டே வருவார்கள், நம் பிள்ளைகள் இரண்டு மூன்று மாதம் ஓய்ந்து வருவார்கள். இந்த இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

டர்பனில் குளிர் பெரிய தடையல்ல, வெளிச்சம்தான் தடை. ஜூன், ஜூலையில் மாலை 5 மணி தாண்டியதும் இருட்டிவிடும். வார நாளில் பள்ளி விட்டு வந்தால் ஒன்றரை மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. எனவே வார நாளில் எறிதல், பிடித்தல், கீழே உருளும் பந்து மட்டும். சனிக்கிழமை காலையில் முழு ஆட்டம். எல்லாவற்றையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய நினைத்தால் ஒன்றும் படியாது.

ஏப்ரலில் பிள்ளைகளின் கை எறிதலை அறவே நிறுத்த விடாதீர்கள். ஜூனில் திடீரென்று முழு வேகம் கேட்கவும் கேட்காதீர்கள். வாரம் மூன்று நாள், குறைந்த தூரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். முழங்கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு எறிதல் முடிந்தது. "கொஞ்சம் தாங்கிக்கோ" என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லக் கூடாது.

பயிற்சி ஆட்டத்துக்கு ஜோகன்னஸ்பர்க் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து தூரம் போகும், வளைய வேண்டிய பந்து குறைவாக வளையும். குட்னோ தாழ்வான சமவெளி. அங்கே பந்து டர்பனில் போவது போலத்தான் போகும். அங்கே ஜோகன்னஸ்பர்க் தூரத்தை எதிர்பார்த்து அவுட்ஃபீல்டர்களை (திடலின் தொலைவில் நின்று பந்து பிடிப்பவர்களை) மிகப் பின்னால் நிறுத்தினால், முன்னால் விழும் பந்துகளைப் பிடிக்க முடியாது.

8. கிரிக்கெட் பழக்கங்களை ஒவ்வொன்றாக எடுங்கள்

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தெருவில் கிரிக்கெட் ஆடி வந்தவர்கள். கை, கண், கால் எல்லாம் பழகியிருப்பது பெரிய வரம். ஆனால் அழுத்தம் வரும்போது உடம்பு பழைய ஆட்டத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் பழக்கங்களைச் சொல்லி மாற்ற முடியாது, ஆட்டச் சூழலில் திரும்பத் திரும்பச் செய்வித்துத்தான் மாற்ற முடியும்.

முதலாவது, பேஸை (ஓடுகிறவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும் இடத்தை) விட்டுச் சீக்கிரம் கிளம்புவது. பந்து கை விடும் முன்பே நான்-ஸ்ட்ரைக்கர் இரண்டடி முன்னே போவது கிரிக்கெட்டில் வழக்கம். இந்த வயதுப் பிரிவில் பந்து பேட்டரைச் சென்றடையும் வரை ரன்னர் பேஸைத் தொட்டபடி நிற்க வேண்டும். மீறினால் எடுத்த பேஸை இழந்து திரும்ப வேண்டியிருக்கும். பயிற்சியில் பேஸ் அருகே ஒருவரை நிறுத்தி, ரன்னரின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரன்னர் பிட்சரின் (பந்து எறிபவரின்) கையைப் பார்க்காமல், பந்து கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) கையுறையில் விழும் சத்தத்தைக் கேட்டு ஓடக் கற்றால் தவறு குறைகிறது.

இரண்டாவது, தலை முன்னே பாய்ந்து விழுவது. ரன் அவுட்டிலிருந்து தப்ப மட்டையை நீட்டிப் பாய்வது கிரிக்கெட் பிள்ளைகளுக்குப் பிடித்த காட்சி. இங்கே அடுத்த பேஸை நோக்கித் தலை முன்னே சறுக்கினால், பந்து வராவிட்டாலும் அவுட். பின்னே இருக்கும் பேஸுக்குத் திரும்பும்போது மட்டும் அனுமதி உண்டு. கால் முன்னே சறுக்குவதைப் புல்லில், நனைந்த அட்டை விரித்துப் பழக்குங்கள். பயம் போன பிறகு மண்ணுக்குக் கொண்டு வாருங்கள்.

மூன்றாவது, நல்ல பந்தைத் தடுத்து நிற்பது, வெளியே போகும் பந்தை விட்டுவிடுவது. தடுத்த பந்து கோட்டுக்குள் உருண்டால் ஓடியே ஆக வேண்டும், நின்றால் அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக்கை (அடிக்க வேண்டிய எல்லைக்குள் வரும் பந்தை) வேடிக்கை பார்த்து நின்றாலும் அவுட். பிள்ளையின் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை வெள்ளை நூலால் ஒரு சட்டம் கட்டி, அதன் வழியே வரும் பந்தை வாயால் "ஸ்ட்ரைக்" என்று சொல்லச் சொல்லுங்கள். மட்டையே இல்லாமல் ஒரு வாரம். இது சலிப்பூட்டும், ஆனால் பலன் தரும்.

நான்காவது, பந்து காற்றில் இருக்கும்போது ஓடிவிடுவது. கேட்ச் பிடித்தால் ரன்னர் தன் பேஸுக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரோடு ரன்னரும் சேர்ந்து இரண்டு அவுட் ஆகலாம். கிரிக்கெட்டில் அந்த ஆபத்து இல்லாததால் இது மிகப் பிந்தித்தான் மனதில் பதியும்.

பிடிப்பதிலும் ஒரு மாற்றம் உண்டு. கையுறை இல்லாமல் பழகியவர்கள் பந்தை உள்ளங்கையில் வாங்குவார்கள். கை வலித்து, பிறகு பந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார்கள். கையுறையின் வலைப்பகுதியில் வாங்கக் கற்றுக்கொடுக்க ஒரு டென்னிஸ் பந்தும் பத்து நிமிடமும் போதும்.

பிட்சரைத் தேடும்போது வேகப்பந்து வீச்சாளரைப் பார்க்காதீர்கள். கையை நேராகச் சுழற்றுவது வேறு, முழங்கையை மடித்து எறிவது வேறு. எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட்டுக்குத் தாழ்வாக, நேராக எறிகிற பையனோ பெண்ணோதான் உங்கள் பிட்சர். 46 அடி தூரத்தில் பத்துக்கு ஆறு ஸ்ட்ரைக் எறிகிறவர், வேகமாக எறிந்து பத்துக்கு மூன்று போடுகிறவரைவிட அணிக்கு உதவுவார்.

9. பந்துக் கணக்கு: போட்டி முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது

11, 12 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 10 வயதுக்கு 75. எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாள் உண்டு. 20 வரை எறிந்தால் மறுநாளே எறியலாம். 21 முதல் 35 வரை ஒரு நாள் ஓய்வு. 36 முதல் 50 வரை இரண்டு நாள். 51 முதல் 65 வரை மூன்று நாள். 66-ம் அதற்கு மேலும் நான்கு நாள். இந்த எண்களை டக்அவுட் (அணி உட்காரும் இடம்) சுவரில் ஒட்டி வையுங்கள். பிள்ளையின் கையைக் காப்பாற்றத்தான் இவை இருக்கின்றன, அணிக்குத் தடை போட அல்ல.

புதியவர்கள் அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். நல்ல பிட்சரை முதல் நாளிலேயே 80 பந்து எறியவிட்டு வெல்கிறார்கள். ஐந்தாம் நாள் முக்கிய ஆட்டத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கடைசியிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுங்கள். ஐந்தாம் நாள் அவர் வேண்டும் என்றால், முதல் நாளில் 65-க்குள் நிறுத்த வேண்டும். நான்காம் நாளே வேண்டும் என்றால் 50-க்குள். முதல் நாள் 35-ல் நிறுத்தினால் மூன்றாம் நாள் எறியலாம். அன்றும் 35-ல் நிறுத்தினால் ஐந்தாம் நாள் மீண்டும் வருவார். அட்டவணை கைக்கு வந்ததும் இதைத் தாளில் எழுதுங்கள், ஆட்டத்தின் சூட்டில் முடிவெடுக்காதீர்கள்.

ஒரு நுணுக்கம். ஒரு பேட்டர் நிற்கும்போது எண்ணிக்கை 35-ஐ எட்டினால், அந்தப் பேட்டரை முடிக்கலாம். அடுத்தவருக்கு எறியும் முன் மாற்றிவிட்டால் ஒரு நாள் ஓய்வே போதும். 38 ஆகிவிட்டதே என்று பயந்து, பேட்டருக்கு நடுவில் பிட்சரை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளை நடுங்கிக்கொண்டே எறிந்து நான்கு பந்தையும் வெளியே போடும்.

கேட்சர் விதியையும் சேர்த்துப் படியுங்கள். 41 பந்து எறிந்தவர் அன்று கேட்சராக நிற்க முடியாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவர் அன்று எறிய முடியாது. சிறந்த இரண்டு பிள்ளைகளையே இரண்டு வேலைக்கும் நம்பியிருந்தால் நான்காவது இன்னிங்ஸில் கை கட்டப்படும். எறியத் தெரிந்தவர் ஆறு பேர், பிடிக்கத் தெரிந்தவர் மூன்று பேர் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

எண்ணுவதற்கு ஒருவரை மட்டும் வையுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் அதிகாரபூர்வ எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஆட்டம் முடிந்த பின் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் பேச வழியில்லை.

10. சாமான்

உலோக மட்டையில் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்க வேண்டும். 2018 முதல் இதுதான் விதி. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்எஸ்எஸ்ஏ என்ற வேறு அமைப்பின் முத்திரை மட்டை பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் செல்லாது. வாங்கும் முன் முத்திரையின் படம் கேளுங்கள். ஷூவில் உலோக முள் கூடாது. கேட்சருக்குத் தொண்டைக் காப்பு தொங்கும் ஹெல்மெட்டும் ஆண் பிள்ளை என்றால் உள்காப்பும் கட்டாயம்.

மட்டைகளை விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் போடுங்கள். கையுறையை மட்டும் ஒவ்வொருவரும் தோள்பையில் கொண்டு போகட்டும். பெட்டி தொலைந்தால் மட்டையை இரவல் வாங்கலாம். கைக்குப் படிந்த கையுறையை இரவல் வாங்க முடியாது.

கையில் காப்புக் கயிறு கட்டியிருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பிட்சரின் மணிக்கட்டில் எதுவும் இருந்தால் அம்பயர் கழற்றச் சொல்லலாம். மவுண்டில் (பிட்சர் நின்று எறியும் மேட்டில்) நின்று அழுதுகொண்டே அவிழ்க்க வேண்டிய நிலை வராமல், புறப்படும் முன் பாட்டியிடம் கேட்டு, இடுப்பில் கட்டலாமா, விளக்கடியில் வைத்துவிட்டுப் போகலாமா என்று முடிவு செய்யுங்கள்.

11. சாப்பாடும் ஆடி மாதமும்

ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் வீடுகளில் பிள்ளைகளும் சைவம் இருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்தத் தேதியிலிருந்து சைவம், யாருக்கு மாட்டிறைச்சி ஆகாது, யாருக்கு ஹலால் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அமைப்பாளருக்கு மே மாதமே அனுப்புங்கள். அங்கே போய்ச் சொன்னால் ரொட்டியும் தக்காளியும்தான் கிடைக்கும்.

போலந்தில் உருளைக்கிழங்கும் வெண்ணெய்க்கட்டியும் வைத்த பியெரோகி என்ற கொழுக்கட்டை எங்கும் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவுவது உண்டு. தூவாமல் தரச் சொல்லி ஒரு வரியைப் போலிஷ் மொழியில் எழுதி, அட்டையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்டாங் (உலர்த்திய இறைச்சி) கொண்டுபோக வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை உண்டு. நெய்யும் பால் இனிப்பும் அதில் அடங்கும். பருப்புப் பொடி, மிளகாய்த் தூள், முறுக்கு போதும். சிறிய ரைஸ் குக்கர் எடுத்தால், நம் மூன்று உருண்டை முள் பிளக் அங்கே பொருந்தாது என்பதால் அடாப்டரும் எடுங்கள். மின்னழுத்தம் ஒன்றேதான்.

12. குட்னோவில் முதல் இரண்டு நாள்

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள். கோடையில் போலந்து நேரமும் நம் நேரமும் ஒன்றே, அதனால் நேர மாற்றக் களைப்பு இல்லை. ஆனால் சூரியன் இரவு 9 மணி வரை இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். திரையை இழுத்து மூடி, ஒன்பதரைக்கு விளக்கணையுங்கள். அதே காரணத்தால் வீட்டிலிருந்து எந்நேரமும் அழைப்பு வரும். ஆட்டத்துக்கு முன் வேண்டாம், சாப்பிட்ட பிறகு பேசலாம் என்று பெற்றோரிடம் டர்பனிலேயே சொல்லிவையுங்கள். அம்மாவின் குரலைக் கேட்டு ஏங்குகிற பிள்ளைக்கு அடுத்த மணி நேரம் பந்து தெரியாது.

முதல் பயிற்சியில் அடிக்க விடாதீர்கள். இன்ஃபீல்டில் (பேஸ்கள் இருக்கும் உள்பகுதியில்) பந்தை உருட்டிக்கொண்டே இருங்கள். நாம் பழகிய நகராட்சித் திடலில் பந்து புல்லில் துள்ளித் தயங்கி வரும். சீராக்கிய மண்ணில் அது நேராக, வேகமாக வரும். பிட்சர்களை உண்மையான மவுண்டில் ஏற்றி, கால் எங்கே ஊன்றுகிறது என்று பார்க்கவிடுங்கள். அடுத்த பேட்டர் டக்அவுட்டுக்கு வெளியே நின்று மட்டை சுழற்ற இந்தப் பிரிவில் அனுமதியில்லை. அதையும் அன்றைக்கே பழக்குங்கள்.

13. வென்றால் என்ன செய்வது

இதைக் கடைசியில் எழுதினாலும், செய்ய வேண்டியது புறப்படும் முன். மண்டலத்தை வெல்லும் அணி ஆகஸ்டில் லிட்டில் லீக் உலகத் தொடர் நடக்கும் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் போகும். இடையே சில வாரம்தான். அமெரிக்க விசா தனி.

2011-ல் உகாண்டாவின் கம்பாலா அணி குட்னோவில் தன் மண்டலத்தை வென்றது. வயது, பிறப்பு ஆவணங்களில் முரண் இருந்ததால் விசா மறுக்கப்பட்டது. வென்ற பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். அடுத்த ஆண்டு, 2012-ல், உகாண்டாவின் லுகாசி அணி போய் ஆடியது.

ஆகவே ஜூன் மாதத்தில், குட்னோவுக்கு மூட்டை கட்டும் முன், ஒவ்வொரு பிள்ளையின் அமெரிக்க விண்ணப்பத்தையும் நிரப்பிச் சேமித்து வையுங்கள். புகைப்படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் அளவு வேறு, அமெரிக்க அளவு வேறு. சம்மத அஃபிடவிட்டில் இரண்டாவது பயணத்துக்கும் இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள். டர்பனில் ஒரு பெற்றோரை இதற்கென்று பொறுப்பாக்கி, பிள்ளைகளின் நகல் உறைகள் அனைத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.